இறந்தவரின் மானம்

“அந்த வீடியோவைத் திரும்பப் போடுங்க சார்.”

இணையப் புகார்ப் பிரிவு அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, எதிரே நாற்காலியெல்லாம் போடச் சொல்லியிருந்தார்.

எந்த வீடியோவை? புருஷன் சாக்கடைக் குழியிலிருந்து பிணமாக மேலே வருவதையா? ஊரே பார்த்து உச்சுக்கொட்டியது. இறந்தவர் மானம் காக்கும் புதிய சட்டப்படி, ஒரே நாளில் ஒரு பிரதி விடாமல் அழிக்க வைத்தவர் அவர்தான். எடுத்த வழிப்போக்கரின் கணக்கையும் சேர்த்தே முடக்கினார். இல்லாதவர்களுக்கு ஒரு நல்லது செய்தோம் என்று வீட்டில் பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

இவளுக்கு அந்தக் கண்றாவி மறுபடி வேண்டுமாம். யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்.

“செத்தவரை வேடிக்கை காட்டணுமாம்மா? உங்களுக்கு எப்படி மனசு வருது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். அவரைக் குழிக்குள் இறக்கவே இல்லை, குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று ஒப்பந்த நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டதாம். குடிகாரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்கிறார்களாம். நாளை மறுநாள் வழக்கு. இதைச் சொல்ல முன்பே மூன்று முறை வந்தாளாம். மனைவிதான் என்பதற்குச் சான்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“அவர் குடிக்கவே மாட்டார் சார். இடுப்புல கயிறு கட்டி இறக்கினதுலேருந்து எல்லாம் அந்த வீடியோவுல இருக்கு. எங்களுக்கு வேற சாட்சி இல்ல.”

அழித்தது அழித்ததுதான். திரும்பப் போட அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை எழுதிய யாரும் குழிக்குள் இறங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பழியை இறக்கி வைக்க அதிகாரிக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

“நீக்கச் சொன்னதே உங்க குடும்பம்தானேம்மா. உங்க வீட்டுக்காரரோட அண்ணன் இங்கதான் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாரு. அந்த அழுகையைப் பார்த்துட்டு நான் அடையாள அட்டைகூடக் கேட்கல.”

புகார் மனுவில் இருந்த அண்ணனின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் திரையருகே குனிந்து பார்த்தாள்.

“அவருக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது சார். கயிறைப் பிடிச்சு இறக்கின மேஸ்திரி இவர்தான்.”