இக்னேஷியஸின் உதடு

"சிரிக்காதேய்யா, உதடு கிழிஞ்சுடும்" என்றாள் மனைவி ஹில்டா.

இக்னேஷியஸ் வந்த சிரிப்பை மூக்கு வழியாக விட்டான். கீழுதட்டின் நடுவில் ஒரு வெடிப்பு, சிவப்பு நூல் ஒட்டியது போல. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருந்தது.

மணலி ஆலையில் வெயிலில் நின்று வால்வு திருகிய வரைக்கும் அவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இந்த வருஷம்தான் மீட்டர் பார்க்கிற ஏ.சி. அறைக்கு மாற்றினார்கள். ராயபுரத்துத் தெருவே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனது. குளிர்காலம் வந்த பிறகுதான் அந்த அறையின் குணம் தெரிந்தது. வெளியே பனி, உள்ளே காய்ந்த குளிர். காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுந்தது. குதிகால் பாளம் பாளமாக வெடித்தது. அதெல்லாம் போகட்டும், செருப்புக்குள் மறைந்துவிடும். உதட்டை எங்கே மறைப்பது? அவன் கோயில் பேண்டில் முதல் டிரம்பெட் ஆயிற்றே.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் மணிகளெல்லாம் ஒன்றாக அடிக்கும்போது மற்ற வாத்தியங்கள் நின்றுவிடும். முதல் டிரம்பெட் மட்டும் தனியாக உச்சிக்கு ஏறி, அங்கேயே நிற்க வேண்டும். அன்றைக்கு ஊத முடியாதவன் பின்வரிசைக்குப் போவான், அடுத்தவன் முன்னால் வருவான். பேண்டு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டம். இக்னேஷியஸின் அப்பாவே முன்பல் விழுந்த வருஷம் அப்படித்தான் பின்னால் போனார்.

அந்த அடுத்தவன் சவரிநாதன். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவது, அணைப்பது, வழிந்ததைச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. இரண்டாவது டிரம்பெட்டாகவே தலை நரைத்துவிட்டது. எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் குடுங்கடா, மணியே வெக்கப்பட்டு நின்னுடும் என்று அவன் சொல்லாத வருஷமே இல்லை.

இப்போது தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்றான்.

"இன்னா மாமு, உதடு எப்படி கீது?"

"உன் கண்ணு படாம இருந்தா நல்லாத்தான் கீது அண்ணே" என்றாள் ஹில்டா.

"பத்திரமா பாத்துக்கோ தங்கச்சி. இல்லாங்காட்டி இந்தத் தபா முன்னால நின்னுகினு ஊதறது நான்தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. இக்னேஷியஸின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, வெடிப்பை உற்றுப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுத்தான் போவான். கழுகு மாதிரி சுத்திக்கினு கீறான் என்று ஹில்டா கதவைச் சாத்துவாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. உறைந்து போன தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்கித் தடவினாள், வெண்ணெய் வைத்தாள். ஆலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் அந்த ஏ.சி. குடித்துவிட்டது. இக்னேஷியஸ் நாற்காலிக்கு அடியில் பேசினில் தண்ணீர் வைத்து, முதுகுப் பக்கம் ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தான். இங்கே துணி காயப்போடக் கூடாது என்று அதிகாரி வந்து சத்தம் போட்டார். காய வைக்க இல்லை சார், ஈரமா இருக்கத்தான் என்று இவன் சொன்னது அவருக்குப் புரியவில்லை.

கடைசியில் வண்ணாரப்பேட்டை அத்தர் கடை கமால் பாய்தான் கை கொடுத்தார். ஒருநாள் இக்னேஷியஸைக் கூப்பிட்டு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். உள்ளே மஞ்சளாகக் களிம்பு. அந்த அறைக்குள் நுழையும் முன் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை தடவ வேண்டும். முக்கியமாக உதட்டை நாக்கால் நனைக்கக் கூடாது, நனைக்க நனைக்கத்தான் காயும் என்றார்.

ஹில்டா மோந்து பார்த்தாள். கோயில் வாசனை அடித்தது. பெரிய நாள் கிட்ட வந்தால் எல்லாமே அந்த வாசனைதான் அடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு நாளில் வெடிப்பு மூடிக்கொண்டது. டப்பா தீர்ந்ததும் இன்னொன்று வந்தது.

"சவரி அண்ணன் காதுல மட்டும் இதைப் போட்டுடாதீங்க பாய். மொளகாப்பொடி கலந்தாலும் கலந்துடுவாரு" என்று ஹில்டா கேட்டுக்கொண்டபோது, பாய்க்கு ஏனோ பெரிதாக இருமல் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் காலையில் மணிகள் அடித்தன. இக்னேஷியஸ் ஊதினான். உச்சிக்கு ஏறி, அங்கே அசையாமல் நின்று, இறங்கவே மனசில்லாமல் இறங்கினான். ஹில்டா புருஷனைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற சவரிநாதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தான். கடைசிச் சுரம் அடங்கியதும் யூனிபார்ம் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் கேக்கும் கல்கல் பலகாரமும் தட்டில் வைத்து மூடிக்கொண்டு கமால் பாய் கடைக்குப் போனாள்.

"உங்க மருந்துதான் பாய் எங்க மானத்தைக் காப்பாத்துச்சு. சவரி அண்ணன்தான் பாவம், இந்த வருசமும் போச்சேன்னு கோயில்லயே அழுதுட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பாய் ஒரு கல்கல்லை வாயில் போட்டு மெதுவாக மென்றார். பெரிய நாள்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் சொன்னால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"தட்டுல பாதிய அவனுக்குக் குடுத்துடும்மா. எண்ணெய்தான் என்னுது. தேன்மெழுகு கொண்ணாந்து உருக்கி, டப்பாவுல ஊத்துனது சவரி. 'அவன் உதடு கிழிஞ்சா நான்ல ஊதணும் பாய், அந்த உச்சி எனக்கு ஒரு நாள்கூட ஏறுனதில்ல, வெளிய சொல்லிடாதே'ன்னு என் கையைப் புடிச்சுகினு அன்னிக்கே ஒரு தபா அழுதான்."