யானை விலை

நடைபாதையில் நாயோடு உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் விலை கேட்டவர் சிரித்துவிட்டார். "நாய்க்கு யானை விலை சொல்றீங்களே!"

அவர் நகர்ந்ததும் நகராட்சி அதிகாரி வந்து நின்றார். "பொது இடத்துல பிராணிங்களை விக்கக் கூடாதுன்னு புதுசா சட்டம் வந்தாச்சு, தெரியாதா? எழுந்திருங்க."

தையல்காரர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவா சார்? கடையில குடுத்து விக்கலாமா?"

"அதுவும் முடியாது."

"அப்போ இதையே வீட்டுக்கு வந்து என் சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

"எதுக்கு?"

"எங்க பொண்ணு தவறிப்போனப்புறமும், ஸ்கூல் வேன் சத்தம் கேட்டா இது வாசலுக்கு ஓடுது. அதைப் பார்க்க அவளால முடியல. வித்துட்டு வாங்கன்னு தினமும் அனுப்புறா. நானும் யானை விலை சொல்லிச் சொல்லியே திரும்பக் கூட்டிட்டுப் போறேன்."