எல்லையோரத்து மேடு

"ஏழு மாசம் உழைச்சிருக்கோம்க்கா. ஒரு மேட்டுக்காக சைன் பண்ண மாட்டேங்கறாரே மனுஷன்," என்றான் சுரேந்தர்.

சிங்கப்பூர்க் குழுவில் அவனோடு இருந்த இளமதிக்கும் எரிச்சல்தான். சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் சேர்ந்து கடலின் ஆழத்தை அளந்து, ஒரே வரைபடமாகப் போடும் வேலை அது. எல்லைக் கோட்டை ஒட்டி, கடலடியில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. கருவியில் தவறாகப் பதிந்த பிசிறுதான், அழித்துவிடலாம் என்றாள் இவள். கூடவே கூடாது என்றார் இந்தோனேசியக் குழுத் தலைவர் ஹெண்ட்ரா.

"எல்லைக்குப் பக்கத்துல லா. ஏதோ கணக்கு இல்லாமயா அடம் பிடிக்கிறாரு?" என்றான் சுரேந்தர்.

மதியம் இளமதி ஹெண்ட்ராவைச் சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனாள். வாழையிலையில் சோறு விழுந்ததுமே, 'பாக்' என்று மரியாதையாக அழைத்து மலாயில் கேட்டுவிட்டாள்.

"பாக் ஹெண்ட்ரா, அந்த மேட்டால உங்க நாட்டுக்கு என்ன லாபம்?"

"நாட்டுக்கு ஒண்ணும் இல்லை." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நீளம் பதினோரு மீட்டர், அகலம் மூணு. அது மேடு இல்லைம்மா, படகு. எனக்கு ஒன்பது வயசா இருக்கும்போது அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போன எங்கப்பா திரும்பி வரலை. அவர் படகும் அதே அளவுதான். அழிச்சிட்டா, அவர் இருக்கிற இடம் யாருக்குமே தெரியாமப் போயிடும்."

இளமதி எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். வரைபடத்தில் 'பிசிறு' என்றிருந்த குறிப்பை நீக்கிவிட்டு, 'மூழ்கிய படகு' என்று பதிந்தாள்.

"படகுக்குப் பேர் இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றார். "என் பேரைத்தான் வச்சிருந்தாரு."