தேவை நிறுவப்படவில்லை

பட்ஜெட் பட்டியலில் பதினேழாவது இனத்துக்கு வந்ததும் கவர்னர் பேனாவைக் கீழே வைத்தார்.

மேசைக்கு எதிரே அவன் நின்றிருந்தான். பட்ஜெட் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. சட்டசபை நிறைவேற்றி அனுப்பும் பட்ஜெட்டில், வேண்டாத இனங்களை மட்டும் கோடு போட்டு அடிக்க அந்த அமெரிக்க மாநிலத்தின் கவர்னருக்கு அதிகாரம் உண்டு. அடிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் சொல்ல வேண்டும்.

அந்த வரிகளை எழுதுவது அவன்.

இந்த வருடம் விவசாயத்திலும் சுற்றுச்சூழலிலுமாக இருபத்தொன்று. தேனீக் கணக்கெடுப்பு போய்விட்டது. ஆற்றங்கரை மண் அரிப்பு, ஒரு சதுப்பு நிலம், எல்லாம் போய்விட்டன.

பதினேழாவது, பண்ணை வீடுகளின் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் திட்டம். வயலில் போட்ட உரம் கிணற்றில் இறங்கியிருந்தால், அந்த வீட்டுக்கு வடிகட்டி பொருத்தித் தருவார்கள்.

கவர்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் பண்ணையில் வளர்ந்தவர்தான்.

"இதைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அடிக்காம விட்டுடலாமா?"

அவனுக்குத் தெரியும்.

அந்தத் திட்டத்தில்தான் கோதை வேலை பார்க்கிறாள். அவன் மனைவி. கோயம்புத்தூரில் மண்ணியல் படித்தவள். இங்கே வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் ஒன்பது வருடம் வீட்டில் இருந்தாள். இந்த இரண்டு வருடமாகப் பண்ணை பண்ணையாகப் போய்க் குப்பியில் தண்ணீர் பிடித்து வருகிறாள். எந்தக் கிணற்றில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் எவ்வளவு என்று சாப்பிடும்போது சொல்வாள். கைக்குழந்தைகளுக்குத்தான் அது விஷம். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றும் சொல்வாள்.

ஆபீஸில் யாருக்கும் இது தெரியாது.

"இல்ல சார்," என்றான். "காரணம் சரியாத்தான் இருக்கு."

கவர்னர் அவனை ஒரு நொடி பார்த்தார். பிறகு கோடு போட்டார்.

அன்று மதியம் முழுவதும் அவன் அதை நேர்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, கோதை சமையலறையில் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவை போதிய அளவு நிறுவப்படவில்லை." ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். "அவ்வளவுதான் போட்டிருக்கு."

அவன் ஷூவைக் கழற்றினான்.

"நூத்திப் பன்னெண்டு கிணறு. ஒவ்வொண்ணையும் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்."

"ம்."

"நல்லா எழுதியிருக்காங்க. ஒரு வார்த்தை கூடுதலா இல்ல."

யார் எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை. ரசம் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள். தட்டு வைத்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் கிணறுகளைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

*

சனிக்கிழமை. திட்டம் முடிய இன்னும் இரண்டு நாள். கோதைக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் காரை முன்னதாகவே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கடைசி முறையாகத் தண்ணீர் பிடிக்க ஒரு வீடு பாக்கியிருந்தது.

"நான் ஓட்டறேன்," என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அறுபது மைல். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சோளம்.

பாதி வழியில் சொன்னான்.

"அவர் என்னைக் கேட்டார், கோதை. இதை விட்டுடலாமான்னு."

அவள் திரும்பவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொண்டாட்டி வேலைக்காகப் பேசறேன்னு ஆயிடுமேன்னு…"



"எனக்கு வேற வேலை கிடைக்கும்ங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வழி மட்டும் சொன்னாள். இடது பக்கம். நேரா. அந்தச் சிவப்புக் கொட்டகை.

*

டார்லாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தோளில் நாலு மாதக் குழந்தை. வடிகட்டி கொடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

கோதை சுற்றி வளைக்கவில்லை. வடிகட்டி வராது என்றாள். குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க இந்தக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

"கடை முப்பது மைல்," என்றாள் டார்லா. "காலைல கார் என் வீட்டுக்காரரோட போயிடும். பார்க்கறேன்."

பிறகு அவனைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் கோதை. கொஞ்சம் நிறுத்தி, "கவர்னர் ஆபீஸ்ல இருக்கார்."

டார்லாவின் முகம் தெளிந்தது. அவன் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

"அப்ப நீங்க அவர்கிட்ட சொல்லலாமே. இங்க ஒரு குழந்தை இருக்குன்னு. அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

குழந்தை அவனைப் பார்த்துக் காலை உதைத்தது.

"சொல்றேன்," என்றான்.

கோதை குழாயடியில் குனிந்திருந்தாள். குப்பி நிறைந்ததும் மூடியைத் திருகினாள். மேலே தேதி எழுதினாள்.

நிமிராமல், தமிழில் கேட்டாள்.

"எப்போ?"