நான்காவது மாடிக் கூடை

“தாத்தா, உங்களுக்குக் காலே இல்லையா?” என்று பேத்தி ஹனீன் ஒருமுறை கேட்டாள். வஜ்தி சிரித்தார். அவர் மனைவி இன்ஷிராஹ் சிரிக்கவில்லை.

அலெக்சாந்திரியாவில் முப்பத்தைந்து வருடம் படியேறிக் கடிதம் கொடுத்த தபால்காரர், ஓய்வு பெற்றபின் நான்காவது மாடியை விட்டு இறங்குவதே இல்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். கீழே மளிகைக்கடை சுப்ஹி சிகரெட்டும், பாகில் ஊறிய ரவை இனிப்பான பஸ்பூஸாவும் வைத்து அனுப்புவான்.

“சீ! டீ கிளாஸ்லயா சாம்பலத் தட்டுவீங்க? பனியன்ல பாகு வழிஞ்சு ஈ மொய்க்குது. சர்க்கரை முந்நூறு, இன்னும் இனிப்பு கேக்குதா?” என்றாள் இன்ஷிராஹ்.

“ஏற வேண்டிய படியெல்லாம் ஏறிட்டேன்டி. இனி கூடை ஏறட்டும்.”

அன்று கூடை தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட எழவில்லை. கைப்பிடிக்கு மேலே கயிறு பட்டென்று அறுந்தது. வஜ்தி மூச்சிரைக்க இறங்கி, சுப்ஹியிடமே புதுக் கயிறு வாங்கி வந்தார். மூன்றாம் நாள் அதுவும் அறுந்தது, அதே இடத்தில்.

இரண்டு மாதம் இதே கதை. அறுந்த முனையை முகர்ந்த இன்ஷிராஹ் மூக்கைப் பொத்தினாள்.

“உவ்வே! பழைய பாலாடைக்கட்டி நாத்தம். அவன் கடை எலி கடிச்ச கயித்த உங்க தலையில கட்டுறான்!”

வஜ்தி தடதடவென்று இறங்கினார்.

“டேய் சுப்ஹி! நீ லிபியால வேலைக்குக் கிடந்தப்ப, உன் கடிதத்த உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்ட அஞ்சு மாடி ஏறினவன்டா நான். எனக்கா எலி கடிச்ச கயிறு? தூ!”

அவர் எச்சில் கடை வாசலில் விழுந்தது. சுப்ஹி தலைகுனிந்தான். “மன்னிச்சிடுங்க மாமா.”

அவ்வளவு கத்தியும் தனக்கு மூச்சிரைக்கவில்லை என்பதை வஜ்தி கவனிக்கவில்லை. சந்தைவரை நடந்தே போய், விரல் தடிமனில் கயிறு வாங்கினார்.

மறுநாள் காலை அந்தக் கயிற்றில் கூடை இறங்கியது. “ரெண்டு பாக்கெட்! பஸ்பூஸாவும் வை!” என்று மேலிருந்து குரல் வந்தது.

சுப்ஹி கூடையைக் கடைப் பந்தலுக்கு அடியில் இழுத்து, கேட்டதை வைத்துவிட்டு, தெருவின் இரு பக்கமும் பார்த்தான். யாருமில்லை. பாலாடைக்கட்டி வெட்டும் கத்தியை எடுத்து, “பிஸ்மில்லாஹ்” என்று முணுமுணுத்து, கைப்பிடிக்கு மேலே, இரண்டு இழை மட்டும் மிச்சம் வைத்து அறுத்தான். மேலே கேட்காத குரலில் சொன்னான்:

“இறங்கி வாங்க மாமா. எங்கம்மாவுக்காக ஏறின காலு அது.”