ஒரே ஒரு டீ கிளாஸ்

லஸ்ஹர், தூஸ் என்னும் பாலைவன ஊரின் சந்தையில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்தான். அவன் வீட்டிலோ ஒரே ஒரு டீ கிளாஸ்தான். விருந்துக்கு வந்த மப்ரூக்கா அதில் குடித்து முடித்துவிட்டு, அவன் மனைவியான தன் தங்கை சாலிஹாவிடம் பொருமினாள்.

"கடை முழுக்க கிளாஸ் வெச்சுக்கிட்டு வீட்டுக்கு ஒண்ணு தர மனசில்லை. இவ்வளவு கஞ்சனாடி உன் புருஷன்? இந்தா, ஆறு கிளாஸ் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அவரு பாவம்க்கா, கொண்டு வந்துட்டேதான் இருக்காரு. நான்தான் அக்கம்பக்கத்துல குடுத்துடறேன்."

"ஏன்டி?"

"நிறைய இருந்தப்ப அவரு டிவி முன்னாடி குடிப்பாரு, நான் அடுப்படியில குடிப்பேன். இப்ப ஒருத்தர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்துதானே ஆகணும். வழக்கமான மூணு சுத்து டீ முடியறதுக்குள்ள எவ்வளவோ பேசிடறோம்."

 மப்ரூக்கா, நீட்டிய கிளாஸ் பெட்டியை மெல்லத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"எங்க வீட்டுலயும் பன்னெண்டு கிடக்குது. எல்லாத்தையும் யாருக்குடி குடுக்கலாம்?"