அப்பா செய்த விலங்கு செல்

"விலங்கு செல் மாடலை அப்பாதான் செஞ்சு தரணும்னு எந்த டீச்சராவது சொல்வாங்களா?"

ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு தெர்மாகோல் முன்னால் உட்கார்ந்தார் அவர்.

"போன தடவை தாவர செல்லை எல்லார் வீட்டுலயும் அம்மாவே செஞ்சுட்டாங்களாம்ப்பா," என்றாள் மகள்.

"உங்க சயின்ஸ் டீச்சருக்குப் புருஷன், பிள்ளைன்னு யாரும் கிடையாதா?"

மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு பந்தை உட்கருவாக ஒட்டினார். சிவப்புக் களிமண்ணில் மைட்டோகாண்ட்ரியாவை உருட்டினார். "சக்தி குடுக்கறது இதுதானே? எனக்கே ரெண்டு வேணும்."

பிறகு பச்சை மணிகளை எடுத்தார்.

"அது பசுங்கணிகம். விலங்கு செல்லுல வராது," என்றாள் மனைவி.

"உன்னை யார் கேட்டா? நாளைக்கே ஸ்கூலுக்கு வந்து அந்த டீச்சரை ஒரு பிடி பிடிக்கறேன். யாரு அது?"

மகள் தயங்கினாள். "அம்மாதான்ப்பா. இந்த வருஷம் எங்க கிளாஸுக்கு சயின்ஸ் அம்மாதான். அன்னிக்கே சொன்னாங்களே, நீங்க போன் பார்த்துட்டு ம்... ம்...னு சொன்னீங்க."

அவர் விரலில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

மனைவி வந்து பச்சை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"இது இருந்தா வெயில்ல நின்னே தன் சாப்பாட்டைத் தானே செஞ்சுக்கும். விலங்கு செல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல."

எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"ஒட்டிட்டு வாங்க. சாப்பாடு போடறேன்."